வெளிநாட்டுக் கைவினை கிட்டுகளைச் சென்னைக்கு இறக்குவது எப்படி: சுங்கவரி, பி.ஐ.எஸ்., தயாரிப்பு நாடு லேபிள்

மணி கோர்க்கும் பெட்டி, குரோஷே பழகும் கிட், களிமண் செட், எண் பார்த்து வண்ணம் தீட்டும் பலகை என்று குழந்தைகளுக்கான கைவினைப் பெட்டிகள் கோடை விடுமுறையில் சென்னையில் நன்றாக விற்கின்றன. நேரடியாக இறக்குமதி செய்யலாம் என்று கிளம்புகிறவர்களில் பலர் போகும் வரிசை இதுதான்: சாம்பிள் பார்ப்பது, விலை பேசுவது, அட்வான்ஸ் அனுப்புவது, சரக்கு கப்பலில் ஏறிய பிறகு கிளியரிங் ஏஜென்டை, அதாவது சுங்க வேலைகளை முடித்துத் தரும் முகவரைத் தேடுவது. பணம் கரைவதற்கு அந்த வரிசையே காரணம். வரி எவ்வளவு, பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) முத்திரை வேண்டுமா, லேபிளில் என்ன வர வேண்டும் என்ற மூன்றுக்கும் அட்வான்ஸ் அனுப்பும் முன்பே எழுத்தில் பதில் கையில் இருக்க வேண்டும். துறைமுகத்தில் சரக்கு நிற்கும்போது இவற்றைச் சரிசெய்ய முடிந்தாலும், அதற்குள் லாபம் போய்விடும்.

கீழே உள்ள படிகளை இதே வரிசையில் செய்யுங்கள்.

1. பதிவுகளை முடித்து வையுங்கள்

முதலில் ஐ.இ.சி. என்ற இறக்குமதி ஏற்றுமதிக் குறியீட்டு எண். டி.ஜி.எஃப்.டி. (வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகம்) இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம், கட்டணம் 500 ரூபாய். உங்கள் பான் எண்ணே ஐ.இ.சி. எண்ணாக வரும். பான், வங்கிக் கணக்கு, முகவரிச் சான்று மூன்றிலும் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தால் வேலை சீக்கிரம் முடியும். இனிஷியல் முன்னால் ஒன்றில், பின்னால் ஒன்றில் இருந்தால் அங்கேயே நிற்கும். ஒவ்வொரு ஆண்டும் ஏப்ரலிலிருந்து ஜூனுக்குள் அதே தளத்தில் விவரங்களை உறுதிசெய்ய வேண்டும். மாற்றம் எதுவும் இல்லாவிட்டாலும் செய்தாக வேண்டும். மறந்தால் எண் முடக்கப்படும், அது பெரும்பாலும் சரக்கு வந்து நிற்கும்போதுதான் தெரியவரும். நேரில் போக வேண்டியிருந்தால் டி.ஜி.எஃப்.டி.யின் சென்னை அலுவலகம் நுங்கம்பாக்கம் ஹாடோஸ் சாலையில், சாஸ்திரி பவன் இணைப்புக் கட்டடத்தில் இருக்கிறது.

ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள். இறக்குமதியில் கட்டும் ஐ.ஜி.எஸ்.டி.யை (ஒருங்கிணைந்த ஜி.எஸ்.டி.) உள்ளீட்டு வரவாகத் திரும்ப எடுக்க வேறு வழியில்லை.

மூன்றாவது, எடையளவுச் சட்டத்தின் கீழ் இறக்குமதியாளர் பதிவு. பொட்டலமிட்ட பொருள் விதிகள் 2011இன் 27ஆம் விதி இதைக் கேட்கிறது. கட்டணம் 500 ரூபாய். இறக்குமதி தொடங்கிய 90 நாளுக்குள் விண்ணப்பிக்கலாம் என்றுதான் விதி சொல்கிறது. ஆனால் சுங்கத்தில் முதல் சரக்கிலேயே இந்தச் சான்றைக் கேட்பது வழக்கமாகிவிட்டதால் முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். தமிழ்நாட்டில் இது தொழிலாளர் துறையின் கீழ் வருகிறது. தலைமை அலுவலகம் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில்.

2. பெட்டியைப் பிரித்து, உள்ளே இருப்பதையெல்லாம் எழுதுங்கள்

'கிராஃப்ட் கிட்' என்று ஒரு சுங்கக் குறியீடு கிடையாது. எனவே சாம்பிள் பெட்டி ஒன்றைத் திறந்து, உள்ளே இருக்கும் ஒவ்வொரு பொருளையும் மேசையில் பரப்பி, பெயர், எண்ணிக்கை, எடை, எதனால் ஆனது, தோராய விலை என்று அட்டவணை போடுங்கள். வரி, பி.ஐ.எஸ்., லேபிள் மூன்றுக்கும் இந்த ஒரே தாள்தான் ஆதாரம்.

ஒவ்வொரு பொருளும் தனியாக வந்தால் எந்த நான்கு இலக்கச் சுங்கக் குறியீட்டுத் தலைப்பில் போகும் என்று பாருங்கள். குழந்தைகள் பிசையும் களிமண் 3407. ஓவிய வண்ணங்கள் 3213. கிரேயான், பென்சில் 9609. வண்ணம் தீட்டும் புத்தகம் 4903. கண்ணாடி மணிகள் 7018. கத்தரிக்கோல் 8213. துணியும் நூலும் சேர்ந்து, எம்பிராய்டரி மேசைத்துணியோ விரிப்போ செய்வதற்கான சில்லறைச் செட் 6308. பொம்மைகள் 9503.

ஒரே பெட்டியில் பல தலைப்புப் பொருட்கள் இருக்கும்போது, குறியீட்டைத் தீர்மானிக்கும் பொது விளக்க விதிகளில் 3(பி) வரும். வெவ்வேறு தலைப்புப் பொருட்கள், ஒரே தேவைக்காகச் சேர்க்கப்பட்டவை, மறுபடி பொதியாமல் அப்படியே வாடிக்கையாளரிடம் போகும் பெட்டி என்ற மூன்றும் பொருந்தினால், அந்தச் செட்டுக்கு 'அடிப்படைத் தன்மை' தரும் பொருளின் குறியீடே முழுப் பெட்டிக்கும். அதற்கு மேல், சுங்கவரி அட்டவணையில் பொம்மைகள் வரும் 95ஆம் அத்தியாயத்தின் 4ஆம் குறிப்பைக் கட்டாயம் படியுங்கள். 3(பி) விதிப்படி செட்டாகக் கருத முடியாத சேர்க்கையாக இருந்தாலும், அதில் பொம்மை ஒன்று இருந்து, சில்லறை விற்பனைக்காக ஒன்றாகப் பொதியப்பட்டு, மொத்தத்தின் தன்மை பொம்மையாக இருந்தால் அதை 9503க்குள் இழுக்க அந்தக் குறிப்பு இடம் தருகிறது. நான்கு பென்சில், ஒரு புத்தகத்தோடு ஒரு சின்ன விளையாட்டுக் காரையும் 'இலவசமாக' வைத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். சப்ளையர் அன்போடு சேர்க்கும் அந்தக் கூடுதல் பொம்மையை வேண்டாம் என்று சொல்லுங்கள்.

குரோஷே கிட்டை எடுத்துக்கொள்வோம். நூல், கொக்கி, பஞ்சு, இரண்டு பிளாஸ்டிக் கண், கையேடு. முடித்தால் கிடைப்பது குட்டி முயல். அதே நூலும் கொக்கியும் இருந்து, முடித்தால் கிடைப்பது டம்ளருக்கு அடியில் வைக்கும் வட்டம் என்றால் கேள்வியே வேறு. அட்டைப் பெட்டியின் மேலே உள்ள படமும் 'வயது 6 முதல்' என்ற எழுத்தும் அதிகாரியின் கண்ணில் முதலில் படும். அவற்றையும் உங்கள் தாளில் எழுதிவையுங்கள்.

சந்தேகம் தீராவிட்டால், பெரிய அளவில் தொடர்ந்து இறக்கப் போகிறீர்கள் என்றால், சுங்க முன்தீர்ப்பு ஆணையத்தில் விண்ணப்பிக்கலாம். கட்டணம் 10,000 ரூபாய். மூன்று மாதத்துக்குள் தீர்ப்பு வர வேண்டும். தில்லி, மும்பை என்று இரண்டு இடங்களில் அமர்வுகள் உண்டு. ஒரு சீசனுக்கு 300 பெட்டி கொண்டுவருபவருக்கு இது தேவையில்லை. ஆண்டுதோறும் கண்டெய்னர் கொண்டுவருபவருக்கு நிச்சயம் தேவை.

3. பி.ஐ.எஸ். முத்திரை வேண்டுமா என்று முடிவு செய்யுங்கள்

அதிகம் பேர் சிக்கிக்கொள்வது இங்கேதான்.

பொம்மைகள் (தரக் கட்டுப்பாடு) ஆணை 2020, 2021 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. 14 வயதுக்குட்பட்ட குழந்தைகள் விளையாடுவதற்காக வடிவமைக்கப்பட்ட எதுவும், விளையாட்டுக்கு மட்டுமே என்று இல்லாவிட்டாலும்கூட, இதில் பொம்மைதான். அப்படிப்பட்ட பொருள் பி.ஐ.எஸ். தரும் ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாமல் உள்ளே வர முடியாது. தரநிலைகள் ஐ.எஸ். 9873 வரிசை: 1ஆம் பகுதி கூர்முனை, சிறு துண்டு போன்ற இயற்பியல் பாதுகாப்பு, 2ஆம் பகுதி தீப்பற்றும் தன்மை, 3ஆம் பகுதி ஈயம் போன்ற தனிமங்கள் கசிவது, 7ஆம் பகுதி விரல் வண்ணங்கள், 9ஆம் பகுதி பிளாஸ்டிக்கை மென்மையாக்கும் தாலேட்டு வேதிப்பொருட்கள். பேட்டரி, எல்.இ.டி. விளக்கு இருந்தால் ஐ.எஸ். 15644.

கைவினைப் பொருள்களுக்கு ஒரு நுணுக்கம் உண்டு. 9873இன் 1ஆம் பகுதிக்கு மூலமான சர்வதேசத் தரநிலை ஐ.எஸ்.ஓ. 8124-1, செய்து முடித்த பொருளுக்கு விளையாட்டு மதிப்பு முதன்மையாக இல்லாத மாடல் கிட், பொழுதுபோக்கு, கைவினைப் பொருட்களைத் தன் எல்லைக்கு வெளியே வைக்கிறது. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி: குழந்தை இதைச் செய்து முடித்த பிறகு அதை வைத்து விளையாடுமா? சுவரில் மாட்டும் நூல் ஓவியத்தை வைத்து விளையாடாது. களிமண்ணில் செய்த டைனோசரை வைத்து விளையாடும். குரோஷே முயலோடு தூங்கவே செய்யும்.

இதை நீங்களே முடிவு செய்துகொண்டு கப்பலேற்றாதீர்கள். பெட்டியின் படம், உள்ளடக்க அட்டவணை, கையேடு, முடித்த பொருளின் படம் ஆகியவற்றை இணைத்து பி.ஐ.எஸ்.ஸுக்கு எழுதிக் கேளுங்கள். சென்னை அலுவலகம் தரமணி சி.ஐ.டி. வளாகத்தில் இருக்கிறது. வரும் பதிலைக் கோப்பில் வையுங்கள். சுங்கத்தில் கேள்வி வந்தால் வாய்ப்பேச்சு எடுபடாது, அந்தத் தாள்தான் பேசும்.

முத்திரை வேண்டும் என்றால் உரிமம் எடுக்க வேண்டியவர் நீங்கள் இல்லை, தொழிற்சாலை. வெளிநாட்டு உற்பத்தியாளர் சான்றளிப்புத் திட்டத்தில் அவர்கள் விண்ணப்பிக்க வேண்டும், இந்தியாவில் ஒரு பிரதிநிதியை நியமிக்க வேண்டும், பி.ஐ.எஸ். அதிகாரிகள் நேரில் வந்து ஆய்வு செய்யும் பயணச் செலவை ஏற்க வேண்டும், 10,000 டாலருக்கு வங்கி உத்தரவாதம் தர வேண்டும். பல மாதம் பிடிக்கும். உங்கள் 500 பெட்டிக்காக எந்தத் தொழிற்சாலையும் இதைப் புதிதாகச் செய்யாது. எனவே உரிமம் ஏற்கெனவே வைத்திருக்கும் தொழிற்சாலையைத் தேடுவதுதான் நடைமுறை.

'எங்களிடம் பி.ஐ.எஸ். இருக்கிறது' என்று சப்ளையர் பி.டி.எஃப். அனுப்புவார். நான்கு விஷயங்களைச் சரிபாருங்கள். சி.எம்/எல் எண்ணை, அதாவது உரிம எண்ணை, பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டால் உரிமம் உயிரோடு இருக்கிறதா என்று தெரியும். அதில் வரும் தொழிற்சாலை முகவரி, இன்வாய்ஸில் உற்பத்தியாளர் என்று வரும் முகவரியோடு பொருந்த வேண்டும். உரிமம் முகவரிக்கு உரியது, ஒரே முதலாளியின் இன்னொரு ஊர் ஆலைக்கு அது செல்லாது. நீங்கள் வாங்கும் வகை உரிமத்தின் எல்லைக்குள் இருக்க வேண்டும். பெட்டியில் அச்சான முத்திரையின் மேலே தர எண்ணும் கீழே சி.எம்/எல் எண்ணும் இருக்க வேண்டும். ஐரோப்பாவின் சி.இ. குறியோ அமெரிக்கச் சோதனை அறிக்கையோ இதற்கு மாற்றாகாது.

இதற்கு மேல், 2019 டிசம்பர் 2இல் வந்த டி.ஜி.எஃப்.டி. அறிவிக்கை, பொம்மைச் சரக்கு ஒவ்வொன்றிலும் மாதிரி எடுத்து அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்கிறது. முடிவு வரும்வரை விற்க முடியாது. தேறாவிட்டால் உங்கள் செலவில் திருப்பி அனுப்ப வேண்டும் அல்லது அழிக்க வேண்டும். முத்திரை இல்லாமல் விற்றால் பி.ஐ.எஸ். சட்டம் 2016இன்படி முதல் முறையே இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது குறைந்தது 2 லட்சம் ரூபாய் அபராதம்.

4. வரியை நீங்களே ஒருமுறை கணக்குப் போடுங்கள்

9503இல் வரும் பொம்மைகளுக்கான அடிப்படைச் சுங்கவரி 2020 பட்ஜெட்டில் 20இலிருந்து 60 சதவீதமானது, 2023 பட்ஜெட்டில் 70 ஆனது. மின்னணு சாராத பொம்மைகளுக்கு ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 12இலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. மின்னணு பொம்மைக்கு 18 தான்.

கணக்கு சி.ஐ.எஃப். மதிப்பில் தொடங்கும். அதாவது பொருள் விலை, கப்பல் கட்டணம், காப்பீடு மூன்றும் சேர்ந்தது. காப்பீட்டுக்குத் தாள் இல்லாவிட்டால் எஃப்.ஓ.பி. மதிப்பில் (கப்பலில் ஏற்றும் வரையிலான விலை) 1.125 சதவீதம் என்றும், கப்பல் கட்டணத்துக்குத் தாள் இல்லாவிட்டால் 20 சதவீதம் என்றும் சுங்கம் சேர்த்துக்கொள்ளும். உண்மைக் கட்டணம் குறைவாக இருந்தும் ரசீது இல்லாததால் 20 சதவீதத்துக்கு வரி கட்டுபவர்கள் நிறைய. ஃபிரெய்ட் ரசீதைக் கேட்டு வாங்குங்கள்.

சி.ஐ.எஃப். 4,00,000 ரூபாய் என்று வைப்போம். பொம்மை என்றால் அடிப்படை வரி 2,80,000. கூட்டினால் 6,80,000. அதில் 5 சதவீத ஐ.ஜி.எஸ்.டி. 34,000. அதே மதிப்புக்கு, அடிப்படை வரி 10 சதவீதமும் ஜி.எஸ்.டி. 18 சதவீதமும் உள்ள ஒரு பொருள் என்றால்: அடிப்படை வரி 40,000, அதில் 10 சதவீதமாகச் சமூக நலக் கூடுதல் வரி 4,000, இரண்டையும் சேர்த்த 4,44,000க்கு ஐ.ஜி.எஸ்.டி. 79,920. ஐ.ஜி.எஸ்.டி. வரவாகத் திரும்பிவிடும் என்பதால் உண்மையான செலவு முதலாவதில் 2,80,000, இரண்டாவதில் 44,000.

சமூக நலக் கூடுதல் வரி எல்லாப் பொருளுக்கும் ஒரே மாதிரி கிடையாது, மேலே உள்ள பொம்மைக் கணக்கைப் போலச் சில பொருட்களுக்கு விலக்கு உண்டு. உங்கள் எட்டு இலக்கக் குறியீட்டை சுங்கத் துறையின் ஐஸ்கேட் தளத்தின் வரிக் கணிப்பானில் போட்டால் அன்றைய தேதிக்கான எல்லா வரிகளும் வரும். அந்தப் பக்கத்தைத் தேதியோடு சேமித்து வையுங்கள்.

இந்த 2,36,000 வித்தியாசம்தான் 'ஸ்டேஷனரி என்று போட்டுவிடலாம் சார்' என்ற யோசனையைக் கொண்டுவருகிறது. கேட்காதீர்கள். பெட்டி திறக்கப்பட்டதும் படமே காட்டிக்கொடுக்கும். தவறான விவரத்துக்குச் சுங்கச் சட்டம் 111(எம்) பிரிவில் பறிமுதல், 112இல் அபராதம், சரக்கை மீட்க 125இல் மீட்புத் தொகை. பி.ஐ.எஸ். பிரச்சினையும் அதோடு கிளம்பும். மறைத்தது என்று நிரூபணமானால் ஐந்து ஆண்டு பின்னோக்கிக் குறைந்த வரியைக் கேட்கலாம். வேறு குறியீடு உண்மையிலேயே பொருந்துகிறது என்று நினைத்தால், காரணத்தை ஒரு பக்கத்தில் எழுதி, படங்களோடு, வெளிப்படையாகவே தாக்கல் செய்யுங்கள்.

பிப்ரவரி 1 பட்ஜெட்டையும் நினைவில் வையுங்கள். கப்பல் வருவதற்கு முன்பே பில் ஆஃப் என்ட்ரி (சுங்கத்தில் தாக்கல் செய்யும் இறக்குமதி விவரப் படிவம்) போட்டாலும், வரி விகிதம் கப்பலுக்கு நுழைவு அனுமதி கிடைத்த தேதியைப் பொறுத்தது. ஜனவரியில் போட்டு, பிப்ரவரியில் கப்பல் வந்தால் புதிய விகிதம்.

5. பெட்டிக்குள் ஒளிந்திருக்கும் மற்ற அனுமதிகள்

விதை, காய்ந்த பூ, வைக்கோல், பட்டை நீக்காத மரத்துண்டு இருந்தால் தாவரத் தடைக்காப்பு, அதாவது நோயும் பூச்சியும் பரவாமல் தடுக்கும் சோதனை, வரும். 'செடி வளர்த்துப் பார்' வகைக் கிட்டுகளில் இது சாதாரணம். நான்கு விதைக்காக முழுச் சரக்கும் நிற்கும், எனவே விதையை எடுத்துவிட்டு அனுப்பச் சொல்லுங்கள், இங்கேயே வாங்கிச் சேர்க்கலாம். பறவை இறகு, சிப்பி, சங்கு இருந்தால் விலங்குத் தடைக்காப்பும் வனவிலங்குச் சட்டமும் பேசும். செயற்கை இறகே போதும்.

நூல், ஃபெல்ட், துணி அதிகம் இருக்கும் கிட் துணிவகைக் குறியீட்டில் போனால் அசோ சாயம் இல்லை என்ற சோதனைச் சான்றை ஏற்றுமதி நாட்டிலேயே வாங்கிவிடுங்கள். பசை, வண்ணம், வார்னிஷ் போன்ற திரவங்களுக்குப் பாதுகாப்புத் தரவுத்தாள் இல்லாமல் கப்பல் நிறுவனமும் விமான நிறுவனமும் எடுக்காது. சரக்கை அடுக்கும் மரத் தட்டுகளில், பூச்சி நீக்கப்பட்ட மரம் என்று காட்டும் ஐ.எஸ்.பி.எம்.-15 முத்திரை இருக்கிறதா என்று ஏற்றும்போதே படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பிளாஸ்டிக் உறையில் வரும் பொருளை இறக்குபவர் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத் தளத்தில் உற்பத்தியாளர் பொறுப்புப் பதிவும் எடுக்க வேண்டும்.

6. லேபிளைத் தொழிற்சாலையிலேயே அச்சிட வையுங்கள்

சில்லறையில் விற்கும் ஒவ்வொரு பெட்டியிலும் வர வேண்டியவை: உற்பத்தியாளர் பெயர், முகவரி. இறக்குமதியாளர் பெயர், பின்கோடுடன் முழு முகவரி. தயாரிப்பு நாடு. பொருளின் பொதுப்பெயர். நிகர அளவு. தயாரித்த மாதம், ஆண்டு. எல்லா வரிகளும் சேர்ந்த அதிகபட்சச் சில்லறை விலை. புகார் சொல்ல வேண்டிய நபரின் பெயர் அல்லது அலுவலகம், முகவரி, தொலைபேசி, மின்னஞ்சல். எழுத்து ஆங்கிலத்திலோ தேவநாகரி இந்தியிலோ இருப்பது கட்டாயம். தமிழில் கூடுதலாகப் போடலாம், தமிழில் மட்டும் போட்டால் விதிப்படி போதாது.

நிகர அளவில்தான் கிட்டுகள் தடுக்கும். 'ஒரு செட்' என்று மட்டும் எழுதாதீர்கள். உதாரணமாக இப்படி இருக்கட்டும்: 'கைவினை கிட், 1 செட். உள்ளடக்கம்: நூல் 2 உருண்டை, தலா 50 கிராம், கொக்கி 1, பஞ்சு 30 கிராம், பிளாஸ்டிக் கண் 2, கையேடு 1.' பெட்டிக்குள் எண்ணிப் பார்த்தால் இதேதான் கிடைக்க வேண்டும். இரண்டு கண்ணுக்குப் பதில் நான்கு கண் இருந்தாலும் அதிகாரிக்குக் கேள்வி எழும். களிமண், வண்ணம் என்றால் கிராம், மில்லிலிட்டர் கட்டாயம். 'அவுன்ஸ்' மட்டும் போட்ட பெட்டி வேண்டாம்.

எம்.ஆர்.பி.யை அவசரத்தில் குறைவாக அச்சிடாதீர்கள். அச்சான விலைக்கு மேல் விற்க முடியாது, பின்னர் ஏற்றி ஒட்டவும் முடியாது. வரி, துறைமுகச் செலவு, கடைக்காரர் கமிஷன் மூன்றையும் கணக்கிட்ட பிறகே விலையை உறுதி செய்து தொழிற்சாலைக்கு அனுப்புங்கள்.

பெட்டிகள் டிஸ்ப்ளே அட்டைக்குள் வந்தால் உள் பெட்டி ஒவ்வொன்றிலும் லேபிள் வேண்டும், வெளி அட்டையில் மட்டும் இருந்தால் போதாது. லேபிள் இல்லாமல் வந்துவிட்டால், அனுமதி வாங்கி பிணைக் கிடங்கில் (வரி கட்டும் முன் சரக்கை வைக்கும் சுங்கக் கிடங்கு) ஆள் வைத்து ஒட்டலாம். இந்த விவரங்கள் இருப்பதை உறுதி செய்த பிறகே உள்நாட்டுப் பயன்பாட்டுக்கு விட வேண்டும் என்பது இறக்குமதிக் கொள்கை என்பதால், ஒட்டி முடித்துப் பார்வையிட்ட பிறகுதான் சரக்கு வெளியே வரும். கூலி, கிடங்கு வாடகை, அட்டைப் பெட்டிகளைப் பிரித்து மறுபடி ஒட்டும் செலவு எல்லாம் உங்களுக்கு. தொழிற்சாலையில் அதே லேபிளுக்குச் சில காசுதான் ஆகும்.

அச்சுக்கு முன் லேபிள் வடிவத்தை பி.டி.எஃப்.ஆக வாங்கி, கிளியரிங் ஏஜென்டிடமும் காட்டி, ஒப்புதல் கொடுத்த பிறகே அச்சடிக்கச் சொல்லுங்கள். ஒட்டிய பெட்டியின் படத்தை மீதிப் பணம் அனுப்பும் முன் கேளுங்கள்.

7. தயாரிப்பு நாடு லேபிள் வேறு, மூலச் சான்றிதழ் வேறு

இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய. லேபிளில் வரும் நாடு வாடிக்கையாளருக்கான தகவல், எல்லா இறக்குமதிக்கும் கட்டாயம். மூலச் சான்றிதழ் வர்த்தக ஒப்பந்தத்தின் கீழ் வரிச் சலுகை கேட்பதற்கு. சலுகை கேட்காவிட்டால் அது வரிக்குத் தேவையில்லை.

நூல் ஒரு நாடு, கொக்கி இன்னொரு நாடு, பொதிந்தது மூன்றாவது நாடு என்று கிட் வரும்போது, 'பேக் செய்யப்பட்டது' என்று மட்டும் போட்டுத் தப்பிக்க முடியாது. கப்பல் சிங்கப்பூரில் மாறி வந்தால் சிங்கப்பூர் தயாரிப்பு நாடாகிவிடாது. தொழிற்சாலையிடம் ஒவ்வொரு உறுப்பின் மூலத்தையும் எழுதி வாங்கி, எங்கே கிட் உருவாகிறது என்பதை முடிவு செய்து, இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், லேபிள், பில் ஆஃப் என்ட்ரியின் நாடு கட்டம், பி.ஐ.எஸ். உரிம முகவரி ஆகிய எல்லாவற்றிலும் அதையே போடுங்கள். ஒரு தாளில் சீனா, இன்னொன்றில் ஹாங்காங் என்று வந்தால் சுங்கத்திலிருந்து கேள்வி வருவது உறுதி.

வியட்நாம், தாய்லாந்து, இந்தோனேசியாவிலிருந்து வந்தால் ஆசியான் ஒப்பந்தத்தில் உங்கள் குறியீட்டுக்குச் சலுகை இருக்கிறதா என்று 46/2011 சுங்க அறிவிக்கையில் பாருங்கள். பொது விதிப்படி 35 சதவீதப் பிராந்திய மதிப்பும், ஆறு இலக்க அளவில் குறியீட்டு மாற்றமும் வேண்டும். சீன உறுப்புகளைக் கொண்டுவந்து வெறுமனே பொதிந்து லேபிள் ஒட்டினால் வியட்நாம் மூலம் ஆகாது. 2020 செப்டம்பர் 21 முதல் நடைமுறையில் உள்ள கரோட்டார் விதிகளின்படி (வர்த்தக ஒப்பந்தச் சலுகைக்கான மூல விதிகள்), மூலம் எப்படி நிர்ணயமானது என்ற விவரத்தை அவற்றின் படிவம் 1இல் நீங்களே வைத்திருக்க வேண்டும், ஐந்து ஆண்டு பாதுகாக்க வேண்டும். 'சப்ளையருக்குத்தான் தெரியும்' என்ற பதில் செல்லாது, சலுகை போய்விடும்.

8. பணம் அனுப்பும் முறை

ஒப்பந்தத்தில் மூன்று வரிகளைச் சேருங்கள்: லேபிளும் முத்திரையும் ஒப்புதல் வடிவப்படி இல்லாவிட்டால் செலவு விற்பவருடையது, உள்ளடக்கத்தை முன் அனுமதியின்றி மாற்றக் கூடாது, மீதித் தொகை ஆவணங்களின் நகல் சரிபார்த்த பிறகு. இன்வாய்ஸில் இருக்கும் பெயருக்கே வங்கி வழியாக அனுப்புங்கள். வேறு பெயரில் உள்ள கணக்கைக் கொடுத்தால் அங்கேயே நிறுத்துங்கள். மின்னஞ்சலில் 'வங்கிக் கணக்கு மாறிவிட்டது' என்று வந்தால் பழைய எண்ணில் பேசி உறுதிசெய்யாமல் ஒரு ரூபாய்கூட அனுப்ப வேண்டாம்.

9. சரக்கு கிளம்பியதும்

கிளியரிங் ஏஜென்டுகள் பாரிமுனையைச் சுற்றி, தம்புச் செட்டித் தெரு, லிங்கிச் செட்டித் தெருப் பக்கம் நெருக்கமாக இருக்கிறார்கள். குறைந்த கட்டணத்தைப் பார்த்துத் தேர்வு செய்யாதீர்கள். பொம்மைச் சரக்கு எடுத்த பழக்கம் உண்டா, மாதிரிச் சோதனையை எப்படிக் கையாள்வார் என்று கேளுங்கள். தங்கள் கட்டணம், சி.எஃப்.எஸ். (துறைமுகத்துக்கு வெளியே உள்ள கண்டெய்னர் கிடங்கு) கட்டணம், கப்பல் நிறுவனக் கட்டணம் மூன்றையும் தனித்தனி வரியாக எழுதித் தரச் சொல்லுங்கள்.

ஆவணங்கள்: இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், பில் ஆஃப் லேடிங் (கப்பல் நிறுவனம் தரும் சரக்கு ஏற்ற ரசீது), காப்பீடு, ஃபிரெய்ட் ரசீது, பி.ஐ.எஸ். உரிம நகல் அல்லது பி.ஐ.எஸ். பதில் கடிதம், சோதனை அறிக்கை, எடையளவுப் பதிவு, உள்ளடக்க அட்டவணை, பெட்டிப் படங்கள், கையேடு. எல்லாம் ஐஸ்கேட்டின் ஆவணப் பதிவேற்ற வசதியான இ-சஞ்சித்தில் ஏற வேண்டும். மதிப்பீடு முகமற்ற முறையில் நடப்பதால் உங்கள் தாளைப் படிப்பவர் ராஜாஜி சாலை சுங்க மாளிகையில் இல்லாமல் வேறு துறைமுகத்தில் இருக்கலாம். அவர் உங்கள் பெட்டியைப் பார்க்கப்போவதில்லை. மங்கலான ஸ்கேன், 'கிராஃப்ட் ஐட்டம்' என்று ஒற்றை வரி விவரம் போனால் கேள்வி வரும், ஒவ்வொரு கேள்வியும் சில நாளைத் தின்னும்.

பில் ஆஃப் என்ட்ரியைக் கப்பல் வருவதற்கு முந்தைய நாள் முடிவதற்குள் போட வேண்டும், 30 நாள் முன்னதாகவும் போடலாம். தாமதித்தால் முதல் மூன்று நாள் நாளுக்கு 5,000 ரூபாய், பிறகு நாளுக்கு 10,000. பில் ஆஃப் என்ட்ரி வரி கட்டச் சொல்லித் திரும்பியதும், விடுமுறை நீங்கலாக, அடுத்த நாளுக்குள் கட்டுங்கள். தவறினால் ஆண்டுக்கு 15 சதவீத வட்டி.

சிறு அளவில் பகிர்வுக் கண்டெய்னரில் கொண்டுவருபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அங்கே கட்டணம் மிகக் குறைவாகத் தெரியும். இங்கே இறங்கியதும் டெலிவரி ஆர்டர், டெர்மினல் கையாளல், சி.எஃப்.எஸ். பிரித்தெடுப்பு என்று வரிசையாக வரும், சில நேரம் கப்பல் கட்டணத்தையே தாண்டும். புக்கிங் செய்வதற்கு முன் 'சென்னையில் என்னென்ன கட்டணம்' என்று மின்னஞ்சலில் வாங்குங்கள். மணலி, மாதவரம், திருவொற்றியூர் பக்கம் எந்த சி.எஃப்.எஸ்.ஸுக்குப் போகும், இலவச நாள் எத்தனை என்றும் கேளுங்கள். கப்பல் சென்னைத் துறைமுகத்துக்கா, காட்டுப்பள்ளிக்கா, எண்ணூருக்கா என்பதும் பில் ஆஃப் என்ட்ரிக்கு முக்கியம். துறைமுகக் குறியீடு மாறினால் திருத்தம் போட வேண்டும்.

10. காலக் கணக்கு

ஏப்ரல், மே விற்பனைக்கு சரக்கு மார்ச் நடுவில் கிடங்கில் இருக்க வேண்டும். மாதிரிச் சோதனைக்கு இரண்டு மூன்று வாரம் ஒதுக்குங்கள். சீனப் புத்தாண்டை ஒட்டி ஆலைகள் வாரக்கணக்கில் மூடும். அது ஜனவரி இறுதியிலோ பிப்ரவரியிலோ வருவதால், ஆர்டரையும் லேபிள் ஒப்புதலையும் அக்டோபர், நவம்பரிலேயே முடித்து, டிசம்பரில் ஏற்றிவிடுவது நல்லது. கிறிஸ்துமஸ் விற்பனைக்குக் கொண்டுவருபவர்கள் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையைக் கணக்கில் எடுங்கள். புயல் எச்சரிக்கை வந்தால் துறைமுகம் நிற்கும், சாலையில் தண்ணீர் நின்றால் லாரி வராது. நனைந்த அட்டைப் பெட்டியிலிருந்து லேபிள் உரிந்துவிடும் என்பதால் உட்பெட்டிகளுக்கு நெகிழி உறை போடச் சொல்லுங்கள்.

11. சரக்கு வெளியே வந்த பிறகு

பில் ஆஃப் என்ட்ரி நகலை வங்கிக்குக் கொடுத்து, நீங்கள் அனுப்பிய பணத்தோடு இணைக்கச் சொல்லுங்கள். வங்கி அமைப்பில் அந்தப் பதிவு திறந்தே கிடந்தால் அடுத்த முறை பணம் அனுப்பும்போது தடை வரும். ஐ.ஜி.எஸ்.டி. உங்கள் ஜி.எஸ்.டி.ஆர்.-2பி.யில் (ஜி.எஸ்.டி. தளத்தில் வரும் வரவு அறிக்கை) வந்திருக்கிறதா என்று பார்த்து வரவு எடுங்கள். வராவிட்டால் பில் ஆஃப் என்ட்ரியில் ஜி.எஸ்.டி. எண் தவறியிருக்கலாம்.

இணையத்தில் விற்கப் போகிறீர்கள் என்றால் தயாரிப்பு நாடு, இறக்குமதியாளர் முகவரி உள்ளிட்ட லேபிள் விவரங்களைப் பொருள் பக்கத்திலும் போட வேண்டும். பெட்டியில் வியட்நாம், பக்கத்தில் இந்தியா என்று இருக்கக் கூடாது. பல தளங்களில் நாடு கட்டம் தானாகவே இந்தியா என்று நிரம்பியிருக்கும், பட்டியலிடும்போது ஒவ்வொன்றாக மாற்றுங்கள். ஒவ்வொரு சரக்கிலிருந்தும் பிரிக்காத பெட்டி இரண்டை, சோதனை அறிக்கை, லேபிள் ஒப்புதல், எல்லா ஆவணங்களோடும் சேர்த்து ஐந்து ஆண்டு எடுத்து வையுங்கள். பின்தணிக்கைக்கு வருபவர் கேட்பது முதலில் அந்தப் பெட்டியைத்தான்.